தொழிலுக்கு முதல் தேடும் இளைஞருக்கு



கோவை மாவட்டத்துப் பள்ளிகளில் 34 ஆண்டுகள் ஆசிரியனாகவும் தலைமையாசிரியனாகவும் பணியாற்றி, 2018ஆம் ஆண்டில் ஓய்வு பெற்றவன் நான். ஆண்டுதோறும் தனிவட்டி, கூட்டுவட்டிப் பாடங்களைக் கரும்பலகையில் எழுதி விளக்கியிருக்கிறேன். பிள்ளைகளிற் பலர் அக்கணக்குகளுக்கு முழு மதிப்பெண்ணும் பெற்றனர். ஆயினும், வளர்ந்து ஆளாகித் தொழில் தொடங்க முற்பட்டபோது, எந்தப் பணத்தை எதற்காக வாங்குவது என்றறியாமல் அவர்களே இடர்ப்பட்டதைக் கண்டேன். பாடத்தில் ஒரு பகுதியை நடத்தாமலே விட்டுவிட்டோம் என்ற எண்ணம் அன்று முதல் என் நெஞ்சில் இருந்துவருகிறது. விடுபட்ட அப்பகுதியை இன்று இவ்வானொலி வாயிலாக நடத்த விழைகிறேன்.

முதலில் ஒரு பட்டறையின் கதையைக் கூறுகிறேன். அக்கதையில் எனக்கும் பங்கு உண்டு.

2013ஆம் ஆண்டில் என் பழைய மாணவர் ஒருவர் என்னை நாடி வந்தார். ஐ.டி.ஐ.யில் கடைசல் வேலை பயின்று, எட்டாண்டுகள் பிறரிடம் உழைத்துக் கைத்திறன் பெற்றவர். சொந்தமாக லேத் பட்டறை வைக்க விரும்பினார். எந்திரம் வாங்க 6 லட்சம் ரூபாய் வங்கிக் கடன் கிடைக்கும் என்றும், ஜாமீன் கையெழுத்து ஒன்று தேவை என்றும் தெரிவித்தார். “தம்பி, நீ ஒழுக்கமான பிள்ளை, எனக்கு அது போதும்” என்று கூறிக் கையெழுத்திட்டேன். அவருடைய ஒழுக்கத்தில் ஒருநாளும் குறை நேர்ந்ததில்லை. கணக்கைக் கேளாமற் கையெழுத்திட்டதுதான் நான் செய்த பிழை.

பட்டறைக்கு வேலை நிறைய வந்தது. மாதம் 2 லட்சம் ரூபாய்க்கு உதிரிப் பாகங்கள் கடைந்து கொடுத்தார். இரும்பு, கூலி, மின்சாரம், வாடகை எல்லாம் சேர்ந்து 1,60,000 ரூபாய் செலவு. மீதி 40,000. வங்கித் தவணை 13,000 போக, 27,000 ரூபாய் வீட்டுக்கு. ஏட்டில் எழுதிப் பார்த்தால் இது நல்ல தொழிலே. ஆனால் பாகங்களைப் பெற்றுக்கொண்ட ஆலை, 90 நாள் கழித்தே பணம் கொடுத்தது. அதுவரை மூன்று மாதமும் இரும்பு வாங்க வேண்டும். கூலி கொடுக்க வேண்டும். தவணை கட்ட வேண்டும். மாதச் செலவு 1,60,000 வீதம் மூன்று மாதத்துக்கு 4,80,000. மூன்று தவணை ஏறத்தாழ 40,000. ஆக 5,20,000 ரூபாய். கடன் பணம் முழுவதும் எந்திரத்திற் போய்விட, அவர் கையில் இருந்ததோ 60,000 மட்டுமே.

இரண்டாம் மாதமே தண்டலுக்குப் பணம் வாங்கினார். 10,000 ரூபாய்க் கடன் என்பார்கள். கையில் தருவது 8,500. நாளொன்றுக்கு 100 ரூபாய் வீதம் 100 நாள் கட்ட வேண்டும். நூறு நாளைக்கு 1,500 ரூபாய் வட்டிதானே, நூற்றுக்குப் பதினைந்துதானே என்று தோன்றும். நாள்தோறும் அசல் குறைந்துகொண்டே வருவதையும் கூட்டிக் கணக்கிட்டால், ஆண்டுக்கு நூற்றுக்கு ஏறத்தாழ 120 வட்டியாகிறது. பட்டறை ஈட்டிய இலாபம் முழுவதும் அவ்வாயிற் சென்றது. 2016இல் பட்டறை மூடப்பட்டது. எந்திரம் பாதி விலைக்கும் போகவில்லை. வங்கிக்கு நின்ற பாக்கி 1,80,000 ரூபாயை, என் சேமநல நிதியிலிருந்து முன்பணம் பெற்று நான் கட்டினேன். பணம் போன வருத்தம் ஓராண்டில் ஆறியது. அம்மாணவர் என் முகத்தில் விழிக்கக் கூசி, என் வீதியைத் தவிர்த்துச் சுற்றுவழியிற் சென்றுவந்தாரே, அவ்வருத்தம் ஆற நெடுநாள் ஆயிற்று.

நிற்க. இப்பட்டறை வேலையின்றி மூடப்பட்டதன்று, நட்டத்தால் மூடப்பட்டதுமன்று. இலாபம் தந்துகொண்டிருந்தபோதே மூடப்பட்டது. இஃது எவ்வாறு நேர்ந்தது?

உழவர் வீட்டுப் பிள்ளைகளுக்கு இதனை எளிதில் விளக்கலாம். ஏரும் மாடும் வாங்கிவிட்டால் வேளாண்மை நடந்துவிடுமா? விதை வேண்டும், மாட்டுக்குத் தீவனம் வேண்டும், அறுவடை வரையில் குடும்பம் உண்ணச் சோளம் வேண்டும். ஏரும் மாடும் பல்லாண்டுக்கு உழைப்பவை. விதையும் தீவனமும் சோளமும் பருவந்தோறும் செலவாகி, அறுவடையில் திரும்பி வருபவை. தொழிலிலும் அவ்வாறே. எந்திரம், கட்டடம் முதலியவற்றில் இடும் பணத்தை நிலை மூலதனம் என்பர். சரக்காகவும் கூலியாகவும் வெளியே சென்று, விற்பனையில் மீளும் பணத்தை நடைமுறை மூலதனம் என்பர். நம் இளைஞர் முன்னதை மட்டும் எண்ணிக் கடன் கேட்கின்றனர், பின்னதை மறந்துவிடுகின்றனர். மறந்த அப்பணத்துக்காகவே தண்டல்காரரிடம் செல்ல நேர்கிறது.

ஆகவே, “பணம் எங்கே கிடைக்கும்?” என்பது இரண்டாவது கேள்வி. “இப்பணம் எதற்கு, எப்போது திரும்பி வரும்?” என்பதே முதற்கேள்வி. முதற்கேள்விக்கு விடை எழுதியபின் வாயில்களை ஒவ்வொன்றாகக் காண்போம்.

முதல் வாயில் கைம்முதல். தம் சேமிப்பு, பெற்றோர் தருவது, வீட்டு நகை, சீட்டுப்பணம் ஆகியன இதில் அடங்கும். சிறுகத் தொடங்கிப் பழகுவதற்கு இதனினும் நல்ல பணமில்லை, கணக்குக் கேட்போர் இல்லை, தவணை இல்லை. பிறர் முதலீட்டை நாடாமல், ஈட்டியதையே மீண்டும் தொழிலில் இட்டுப் பெருநிறுவனமாவதும் இயலும். 1996ஆம் ஆண்டில் வேறு பெயருடன் தொடங்கி இன்று சோகோ என வழங்கும் மென்பொருள் நிறுவனம் அவ்வழியில் வளர்ந்ததே.

சீட்டைப் பற்றி ஒரு சொல். இருபது பேர் மாதம் 10,000 ரூபாய் வீதம் கட்டும் சீட்டில் மொத்தம் 2 லட்சம் சேர்கிறது. முதல் மாதமே 40,000 தள்ளி எடுப்பவர், கடன் வாங்கியவரே ஆகிறார். கடைசியில் எடுப்பவர் சேமித்தவர் ஆகிறார். சீட்டு நடத்துபவர்க்குரிய கழிவு 1982ஆம் ஆண்டுச் சட்டப்படி நூற்றுக்கு 5க்கு மிகாமல் இருந்து, 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தால் 7 ஆயிற்று. சீட்டுப் பதிவு செய்யப்பெற்றதா என்று கேட்பதில் கூச்சம் வேண்டா. பதிவில்லாத சீட்டில் மகளின் திருமணப் பணத்தை இழந்தோர் எல்லா ஊரிலும் உள்ளனர்.

இரண்டாம் வாயில் கடன். கடனின் இயல்பு யாது? தொழில் நடந்தாலும் நடவாவிட்டாலும் தவணை நாள் வந்தே தீரும். எனவே, மாதந்தோறும் வருவாய் தரக்கூடிய தொழிலுக்கே கடன் பொருந்தும்.

ஈடு வைக்க ஒன்றுமில்லாத இளைஞர்க்கு வங்கி கடன் தருமா என்பது பலரும் கேட்கும் கேள்வி. 2015ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் தொடங்கிய முத்ராத் திட்டம் இதற்கென்றே ஏற்பட்டது. அதில் 50,000 ரூபாய் வரை ஒரு பிரிவு. அதற்குமேல் 5 லட்சம் வரை ஒரு பிரிவு. அதற்குமேல் 10 லட்சம் வரை ஒரு பிரிவு. மூன்றாம் பிரிவிற் கடன் பெற்று ஒழுங்காகத் திருப்பிக் கட்டியவர்க்கு 20 லட்சம் வரை தரலாம் என 2024இல் எல்லை உயர்த்தப்பெற்றது. இக்கடனுக்குச் சொத்து ஈடு கேட்பதில்லை. இதனினும் பெரிய கடன்களுக்கு, மத்திய அரசும் சிட்பி என்னும் சிறுதொழில் வளர்ச்சி வங்கியும் சேர்ந்து 2000ஆம் ஆண்டில் நிறுவிய கடன் உத்தரவாத அறக்கட்டளை துணை நிற்கிறது.

‘உத்தரவாதம்’ என்னும் சொல்லைச் சிலர் தவறாகப் பொருள் கொள்கின்றனர். கடன் தவறினால் அரசு கட்டிவிடும். நமக்குக் கவலையில்லை என்று கருதுகின்றனர். அந்த உத்தரவாதம் வங்கிக்கு உரியது. வாங்கியவரின் கடன் அதனால் தீர்வதில்லை. தவணை தவறினால், கடன் தகவல் நிறுவனங்களின் ஏட்டில் அது பதிவாகும். அங்கே ஒவ்வொருவருக்கும் 300 முதல் 900 வரை மதிப்பெண் இடுகின்றனர். பள்ளி மதிப்பெண் பட்டியலைப் பத்தாண்டு கழித்து எவரும் பார்ப்பதில்லை. இம்மதிப்பெண்ணையோ ஒவ்வொரு வங்கியும் பார்க்கும். ஜாமீன் நின்றவரின் ஏட்டிலும் அக்கடன் ஏறும் என்பதை என்னைப் போன்ற பெரியவர்கள் நினைவிற் கொள்க.

வட்டியைச் சொல்லும் முறையிலும் எச்சரிக்கை வேண்டும். ஒரு லட்சம் ரூபாய்க்கு நூற்றுக்கு 12 வட்டி, ஆண்டுக்கு 12,000, ஆகவே 1,12,000 ரூபாயைப் பன்னிரண்டு தவணையாகக் கட்டுக என்று ஒருவர் கூறினால், அது 12 சதவீத வட்டியன்று. ஒவ்வொரு தவணையிலும் அசலின் ஒரு பகுதி திரும்பிவிடுகிறது. ஆண்டு முழுவதும் ஒரு லட்சம் நம் கையில் இருப்பதில்லை. சராசரியாக அதிற் பாதியினும் சற்றே மிகுதியாகத்தான் இருக்கிறது. குறைந்துவரும் அசலுக்குக் கணக்கிட்டால் வட்டி ஏறத்தாழ 21 1/2 சதவீதம் ஆகும். “இந்த வட்டி நின்ற அசலுக்கா, தொடக்க அசலுக்கா?” என்று கேட்டறிந்த பின்னரே கையெழுத்திட வேண்டும்.

தண்டல், நாள்வட்டி, கந்துவட்டி, மீட்டர் வட்டி ஆகியவற்றைத் தடைசெய்து தமிழ்நாட்டில் 2003ஆம் ஆண்டிலேயே சட்டம் இயற்றப்பெற்றது. ஆயினும், அவசரத்துக்குக் கதவைத் தட்டினால் உடனே பணம் தருபவர் அவரே என்பதால், அவ்வழக்கம் மறையவில்லை. நடைமுறை மூலதனத்தை முன்கூட்டியே திட்டமிட்டவர்க்கு அக்கதவைத் தட்டும் தேவை வாராது. எந்திரக் கடனோடு, சரக்குக்கும் கூலிக்கும் வேண்டிய ரொக்கக் கடன் வசதியையும், அஃதாவது கேஷ் கிரெடிட் எனப்படுவதையும், ஒரே விண்ணப்பத்திற் கேட்கலாம். எடுத்த தொகைக்கு, எடுத்திருக்கும் நாட்களுக்கு மட்டுமே அதில் வட்டி.

இன்னொன்றும் கூறுதல் வேண்டும். குறு, சிறு உற்பத்தியாளர்க்குச் சேர வேண்டிய பணத்தை 45 நாளுக்கு மேல் நிறுத்தி வைத்தல் ஆகாது. வைத்தால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல் மும்மடங்கு கூட்டுவட்டி தர வேண்டும் என்று 2006ஆம் ஆண்டுச் சட்டம் கூறுகிறது. முறையிடுவதற்கு மன்றமும் அதிலேயே வகுக்கப்பட்டுள்ளது. என் மாணவர் 90 நாள் காத்திருந்த காலத்தில் இச்சட்டம் நடப்பில் இருந்தது. அவரும் அறியார், அவருக்கு ஜாமீன் நின்ற தலைமையாசிரியனாகிய நானும் அறியேன். இச்சட்டத்தின் துணையைப் பெறத் தொழிலைப் பதிவு செய்திருத்தல் வேண்டும். 2020 ஜூலை முதல் உத்யம் என்னும் பெயரில் நடைபெறும் அப்பதிவுக்குக் கட்டணம் இல்லை. கட்டணம் கேட்கும் இடைத்தரகர்க்குப் பணம் கொடாதீர்கள்.

கடனோடு சேர்த்துக் கூறத்தக்கது மானியம். 2008ஆம் ஆண்டு தொடங்கிய பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டத்தில், உற்பத்தித் தொழிலுக்கு 50 லட்சம், சேவைத் தொழிலுக்கு 20 லட்சம் என 2022இல் எல்லை உயர்த்தப்பெற்றது. பொதுப்பிரிவினர்க்கு நகரத்தில் நூற்றுக்கு 15, ஊரகத்தில் 25. மகளிர், பட்டியல் வகுப்பினர், பழங்குடியினர், பிற்படுத்தப்பட்டோர் முதலானோர்க்கு நகரத்தில் 25, ஊரகத்தில் 35 என்பது மானியம். தமிழ்நாட்டு அரசும் நீட்ஸ் எனச் சுருக்கமாக வழங்கும் திட்டத்தை 2012இல் தொடங்கிப் பெரிய முதலீடுகளுக்கு மூலதன மானியமும் வட்டி மானியமும் வழங்கிவந்துள்ளது. இவற்றின் தொகையும் தகுதியும் கால எல்லையும் அவ்வப்போது மாறுபவை. மாவட்டத் தொழில் மையத்துக்கு நேரிற் சென்று அன்றைய நிலையைக் கேட்டறிவதே முறை.

மானியம் கைக்கு வரும் பணமன்று என்பதையும் அறிதல் வேண்டும். நான் முதலிற் கூறிய மத்தியத் திட்டத்தில், மானியத்தொகை வங்கியில் மூன்றாண்டு ஒதுக்கி வைக்கப்படுகிறது. அதற்கு வட்டி வருவதில்லை. அதற்கு நிகரான கடன் பகுதிக்கு வட்டி கேட்பதும் இல்லை. தொழில் நடப்பதைச் சரிபார்த்த பின்னரே அது கடனிற் கழிக்கப்படும். மானியம் வரும் என்பதற்காகத் தேவைக்கு மேற்பட்ட எந்திரத்தை வாங்குபவர், நூற்றுக்கு 35 இலாபமெனக் கருதி எஞ்சிய 65ஐத் தாமே சுமக்கிறார்.

மூன்றாம் வாயில் பங்கு. இது நமக்குப் புதியதன்று. 1906ஆம் ஆண்டில் வ. உ. சிதம்பரம் பிள்ளை அவர்கள் தூத்துக்குடியிற் சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கியபோது, அதன் மூலதனம் 10 லட்சம் ரூபாய் என வகுத்து, 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகளாகப் பிரித்தார். கப்பல் வாங்குவது எவ்வளவு பெரிய முதலீடு! முதலாண்டே இலாபம் வரும் என்று எவரால் உறுதி கூற இயலும்? மாதத் தவணைக் கடனால் அக்காரியம் நடவாது. வெள்ளைக்காரக் கம்பெனி கட்டணத்தைக் குறைத்துப் போட்டியிட்டது. 1908இல் பிள்ளையவர்கள் சிறைப்பட்டார். 1911இல் கம்பெனி கலைக்கப்பட்டது. பங்கிட்டவர் இழப்பிலும் பங்கு கொண்டனர். பங்குப் பணத்தின் இயல்பு இதுவே: வெற்றியிலும் தோல்வியிலும் அது உடன் வரும், தவணை கேளாது, ஆனால் உரிமையிற் பாகம் கேட்கும்.

இக்காலத்திற் புத்தொழில் என வழங்கும் நிறுவனங்கள் பெரும்பாலும் இவ்வாயிலையே நாடுகின்றன. 2010இல் சென்னையில் தொடங்கிய ஃபிரெஷ்வொர்க்ஸ் என்னும் மென்பொருள் நிறுவனம், முதலீட்டாளரின் பணத்தைப் படிப்படியாகப் பெற்று வளர்ந்து, 2021இல் அமெரிக்காவின் நாஸ்டாக் பங்குச் சந்தையில் ஏறியது. 2016 ஜனவரியில் மத்திய அரசு தொடங்கிய ஸ்டார்ட்அப் இந்தியா இயக்கத்தின் வழியாக, 2021இல் 945 கோடி ரூபாயில் விதை நிதித் திட்டம் ஒன்றும் அமைந்தது. புதிய கருத்தைச் சோதித்துப் பார்க்க 20 லட்சம் வரை கொடையாகவும், சந்தைக்குக் கொண்டுசெல்ல 50 லட்சம் வரை கடன் அல்லது பின்னர்ப் பங்காக மாறும் பத்திரமாகவும் தரும் முறை அதில் வகுக்கப்பெற்றது.

பங்கு கொடுப்போர் போட்டுப் பார்க்க வேண்டிய கணக்கு ஒன்று உண்டு. ஒருவரிடம் 10 லட்சம் பெற்று நூற்றுக்கு 20 பங்கு கொடுத்தால், முழு நிறுவனத்தையும் 50 லட்சத்துக்கு மதித்திருக்கிறோம் என்று பொருள். தொடங்கியவர்க்கு மீதி 80. அடுத்த முறையும் ஐந்தில் ஒரு பாகம் கொடுத்தால் மீதி 64. மூன்றாம் முறையும் அவ்வாறே கொடுத்தால் 51.2. நான்காம் முறையில் அவர் பாதிக்கும் குறைந்த உரிமையாளர். நிறுவனம் பன்மடங்கு வளருமாயின் இதில் இழப்பில்லை. ஓர் ஊருக்குள் நிலையாக நடக்கும் மளிகைக்கடைக்கோ மாவு மில்லுக்கோ முதலீட்டாளரைத் தேடுவது வீண். அவர் பத்து நிறுவனங்களில் முதலிட்டு, ஒன்றிரண்டு மட்டும் பன்மடங்கு பெருகும் என்று எதிர்பார்ப்பவர். மாதம் 30,000 ரூபாய் நிறைவாகத் தரும் தொழில் குடும்பத்துக்கு நல்லது. அவருக்கு அது போதாது.

இத்துணையும் கூறியபின், ஏட்டில் எழுதியதைச் செயலிற் கண்ட ஒரு செய்தியையும் கூறி முடிக்கிறேன்.

2024ஆம் ஆண்டு தை மாதத்தில், பட்டறை வைத்திருந்த அம்மாணவரின் தங்கை என் வீட்டுக்கு வந்தார். அவரும் என்னிடம் பயின்றவரே. மரச்செக்கு எண்ணெய்த் தொழில் தொடங்க 12 லட்சம் ரூபாய்த் திட்டம் ஒன்றைக் கையில் வைத்திருந்தார். அவருடைய தந்தை வீட்டுப் பத்திரத்தை ஈடு வைக்க ஒப்பியிருந்தார். அக்குடும்பத்துக்கு அவ்வீடு தவிர வேறு சொத்தில்லை. நான் பேசத் தொடங்குமுன் அப்பெண்ணே கூறினார்: “ஐயா, ஜாமீன் கேட்க வரவில்லை. அண்ணன்தான் உங்களிடம் கணக்குப் பார்த்து வரச் சொன்னார்.”

கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு திட்டத்தைப் படித்தேன். செக்குகளுக்கு 5 லட்சம், கொட்டகை கட்ட 4 1/2 லட்சம், வண்டிக்கு 2 லட்சம், சரக்குக்கு வெறும் 50,000. “அம்மணி, உன் அண்ணன் கணக்கும் இதுவும் ஒரே கணக்கு” என்றேன். இரண்டு மாலைப்பொழுது அமர்ந்து திருத்தினோம். கொட்டகையை வாடகைக்கு எடுப்பது, வண்டியை நீக்குவது, செக்குக்கு 5 லட்சம், வாடகை முன்பணத்துக்கும் மின் இணைப்புக்கும் 50,000, கொப்பரை, கடலை, எள் வாங்கவும் கூலிக்கும் 2 லட்சம், எதிர்பாராச் செலவுக்கு 50,000, ஆக 8 லட்சம். மகளிர்க்கும் ஊரகத்துக்கும் உரிய முறைப்படி அதில் நூற்றுக்கு 5, அஃதாவது 40,000 ரூபாய், அவர் கைம்முதல். வங்கிக் கடன் 7,60,000. மூன்றாண்டுக்குப் பின் கழியும் மானியம் 2,80,000. வீட்டுப் பத்திரம் பெட்டியிலேயே இருந்தது.

முதலில் அணுகிய வங்கி, மூன்று முறை அலைய வைத்துப் பின் மறுத்தது. மறுத்த காரணத்தை எழுத்திற் கேட்டுப் பெறுமாறு கூறினேன். அக்காரணத்துக்கு விடை எழுதிச் சேர்த்து வேறொரு வங்கியில் விண்ணப்பித்தார். அங்கே கடன் கிடைத்தது. மறுப்பைக் கண்டு வீட்டில் அமர்ந்துவிடும் இளைஞர் இதனை நினைவிற் கொள்வாராக.

2025ஆம் ஆண்டில் தேங்காய் விலையும் கொப்பரை விலையும் கடுமையாக ஏறியதை நேயர்கள் அறிவீர்கள். முன்பு வாங்கிய அளவு கொப்பரைக்கு, கையிலிருந்த சரக்குப் பணம் பாதிக்கே போதவில்லை. செக்கு நின்றுவிடுமோ என்று அஞ்சினேன். அப்பெண் அஞ்சவில்லை. கொப்பரையைக் குறைத்துக் கடலையை மிகுதியாக ஆட்டினார். தோட்டக்காரர்கள் தம் கொப்பரையையும் எள்ளையும் தாமே கொண்டுவர, கூலிக்கு ஆட்டிக் கொடுத்தார். கூலிக்கு ஆட்டுவதில் இலாபம் குறைவு. ஆனால் சரக்குக்கு முதல் தேவையில்லை. கூலி அன்றே கைக்கு வரும். ஒதுக்கி வைத்திருந்த 50,000 ரூபாய் இரண்டு தவணைகளைக் காத்தது. ஒரு தவணையும் தவறவில்லை. பெருஞ்செல்வம் சேர்ந்துவிட்டதென்று நான் கூறமாட்டேன். தொழில் நடக்கிறது, வேலைக்கு இருவர் உள்ளனர், தந்தை கவலையின்றி உறங்குகிறார்.

செக்கின் தண்டும் பல்சக்கரமும் தேய்ந்தால், கடைந்து சரிசெய்து கொடுப்பவர் அவருடைய அண்ணனே. ஞாயிறுதோறும் வருகிறார். இப்போது என் வீதி வழியாகத்தான் வருகிறார்.

ஆதலின், தொழில் தொடங்க எண்ணும் தம்பி தங்கையர்க்கு நான் கூறுவது இதுவே. ஒரு தாளை எடுத்து மூன்று கேள்விகளை எழுதிக்கொள்ளுங்கள். இப்பணத்தில் எந்திரத்துக்கு எவ்வளவு, சரக்குக்கும் கூலிக்கும் எவ்வளவு? விற்ற பொருளுக்குப் பணம் எத்தனை நாளில் வரும்? வாராத மாதத்தில் தவணையை எதிலிருந்து கட்டுவேன்? மூன்றுக்கும் எண்ணால் விடை எழுத முடிந்தால் வங்கிக்குச் செல்லுங்கள். இயலாவிடில், உங்களுக்குக் கணக்கு நடத்திய ஆசிரியர் உங்கள் ஊரில் இருப்பார், அவரிடம் செல்லுங்கள். பெரியோர்களே, இளைஞர் உங்களிடம் கையெழுத்துக் கேட்டு வந்தால், பேனாவைத் திறப்பதற்கு முன் அத்தாளைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். அப்பிள்ளைக்கு நீங்கள் செய்யக்கூடிய முதல் உதவி அதுவே.